குழந்தை எழுந்ததும் தூளியைச் சுருட்டுங்கள்!

பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, என்ன பெயர் வைப்பது என்பதல்ல. எங்கே படுக்க வைப்பது என்பதுதான். பெயருக்குப் பதினாறு நாள் காத்திருக்கலாம். தூக்கத்துக்குக் காத்திருக்க முடியுமா?

மங்களூர் பக்கத்து வீடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. மங்களூர் என்றதும் கர்நாடகத்துக் கடற்கரைப் பட்டணம் பலருக்கு நினைவு வரும். இது அதுவல்ல. கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கும் மங்களூர். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். தொகுதிகளைத் திருத்தி அமைப்பதற்கு முன்பு, 2006 தேர்தல் வரையில், சட்டசபைத் தொகுதிக்கும் இதே பெயர்தான். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி. ஆணும் பெண்ணும் காட்டு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பங்களே அதிகம்.

இப்படிப்பட்ட வீடு ஒன்றில் நடக்கக்கூடிய பேச்சு இது:

"தூளியே போதும்மா. உன் புருசன் இதுலதானே வளந்தான்? கெட்டா போயிட்டான்?" என்கிறாள் மாமியார்.

"இல்லீங்க அத்தை. துணி இத்துப்போயி அறுந்துட்டா என்ன பண்றது? டவுன்ல கம்பி போட்ட தொட்டில் விக்கிது. அதுல போட்டா நிம்மதி" என்கிறாள் மருமகள்.

"எதுக்கு வீண் செலவு? பாயில போடு. கீழ கெடக்கிற புள்ள எங்க விழப்போவுது?" என்கிறான் பிள்ளையின் தகப்பன்.

"பாயிலயா? ராத்திரியில பூச்சி பொட்டு வந்தா?" என்று மாமியார் குறுக்கே விழுகிறாள். இரவில் பாம்பைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் கிடையாது. பூச்சி என்றால் பாம்பு என்று அர்த்தம்.

தூளி, தொட்டில், பாய் என்று மூன்று படுக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம். அத்தனை பயமும் நியாயமானதே. ஆனால் அவர்கள் யாருமே பேசாத அபாயம் ஒன்று உண்டு. அது அதே வீட்டின் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், மூவர் சொன்னதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பித் தொட்டில் நிம்மதி தருமா?

மருமகளின் ஆசை தவறல்ல. விலை கொடுத்து வாங்கிய சாமானில் பத்திரமும் சேர்ந்து வருகிறது என்று நினைப்பது இயற்கை. ஆனால் அமெரிக்காவின் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது.

அந்த நாட்டில் தொட்டிலின் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கே சட்டம் இருக்கிறது. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 1970-களிலேயே இந்த விதி வந்துவிட்டது. ஏன் தெரியுமா? பச்சிளங் குழந்தையின் உடம்பு சிறியது, தலைதான் பெரியது. கால் நுழையும், இடுப்பு நுழையும், உடம்பும் நழுவி வெளியே வந்துவிடும். தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். குழந்தை கத்தவும் முடியாது. இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான் அந்த விதி பிறந்தது.

விதி வந்த பிறகாவது ஆபத்து நின்றதா? இல்லை. குழந்தையைச் சுலபமாக எடுப்பதற்காக ஒரு பக்கத்து அடைப்பை மட்டும் கீழே இறக்கும் தொட்டில்களைச் செய்து விற்றார்கள். தாய்மார்களுக்கு வசதிதான். ஆனால் நாளடைவில் திருகாணி தளர்ந்து, பக்க அடைப்பு விலகி, மெத்தைக்கும் அதற்கும் நடுவே சந்து விழுந்தது. அந்தச் சந்தில் குழந்தைகள் சிக்கின. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இதனால் இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் கணக்குச் சொன்னது. 2011 ஜூன் முதல் அவ்விதத் தொட்டில்களைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது என்று தடை வந்தது.

அத்துடனும் முடியவில்லை. ஃபிஷர்-பிரைஸ் என்ற பிரசித்தி பெற்ற பொம்மைக் கம்பெனி, தலைப்பக்கம் உயர்ந்து சாய்வாக இருக்கும் ஒரு தூங்கும் படுக்கையை 2009 முதல் விற்று வந்தது. குழந்தை அதில் சொகுசாகத் தூங்கியது. ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணத்துடன் அதற்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியவந்தது. 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளைக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022-ல் அமெரிக்கா ஒரு சட்டமே செய்தது. அந்தச் சாய்வுப் படுக்கைகளையும், தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் அது தடை செய்தது.

பஞ்சு மெத்தையை எதற்காகத் தடை செய்ய வேண்டும்? குழந்தையின் தலை இடிக்காமல் இருக்கத்தானே அதைக் கட்டுகிறார்கள்? உண்மை. ஆனால் இடிபட்டால் வீங்கும். இரண்டு நாளில் வற்றிவிடும். பஞ்சில் முகம் புதைந்தால் மூச்சே நின்றுவிடும். சின்ன அபாயத்துக்குப் பயந்து பெரிய அபாயத்தை விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

ஆகவே மருமகள் தொட்டில் வாங்கட்டும். ஆனால் அழகைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேலை வைத்துக் கம்பியின் இடைவெளியை அளக்கட்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை வேண்டாம். மெத்தை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தலையணை, பஞ்சு பொம்மை, கனத்த போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். வர்ணம் பூசியிருந்தால் அது என்ன வர்ணம் என்று கேட்கட்டும். பல் முளைக்கும் குழந்தை கம்பியைக் கடிக்கும். வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. தாத்தா காலத்துத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, பழைய வர்ணத்தோடு பேரனுக்குக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புத்தகம் தவறியது, பாட்டி தவறவில்லை

படுக்கையைப் போலவே படுக்க வைக்கும் விதமும் முக்கியம். இதில் மேல்நாட்டார் பட்ட பாடு கொஞ்சமல்ல.

டாக்டர் பெஞ்சமின் ஸ்போக் என்பவர் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1946-ல் வெளியாயிற்று. உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற புத்தகம் அது. 1950-களின் பிற்பகுதிப் பதிப்புகளில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று அவர் யோசனை சொன்னார். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் போய்விடும் என்பது அவர் பயம். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். தாய்மார்களும் நம்பினார்கள். ஆஸ்பத்திரிகளும் அப்படியே செய்தன.

விளைவு என்ன? இரவில் சௌக்கியமாகத் தூங்கிய குழந்தை காலையில் உயிரில்லாமல் கிடந்தது. காரணமே புரியவில்லை. இங்கிலாந்தில் இதைத் 'தொட்டில் சாவு' என்றே அழைத்தார்கள். 1991-ல் ஆன் டயமண்ட் என்ற டெலிவிஷன் அறிவிப்பாளர் தம் கைக்குழந்தையை இப்படிப் பறிகொடுத்தார். துக்கத்தில் முடங்காமல், நியூஸிலாந்து தேசத்தில் நடந்த ஆராய்ச்சியைத் தேடிப் போய் அறிந்து வந்து, நாடெங்கும் பிரசாரம் செய்ய வற்புறுத்தினார். அந்த ஆண்டு முடிவதற்குள், "குழந்தையை மல்லாத்திப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரத்தை அரசாங்கம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் தொட்டில் சாவுகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. 1994-ல் அமெரிக்காவிலும் அதே பிரசாரம் நடந்தது. அங்கும் அதே பலன் கிடைத்தது.

மருந்து இல்லை, ஊசி இல்லை, செலவு இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்! 1970-க்குள் கிடைத்திருந்த தகவல்களை ஒழுங்காகத் தொகுத்துப் பார்த்திருந்தால், இங்கிலாந்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பகுதிகளில் குறைந்தது ஐம்பதாயிரம் குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005-ல் வந்த ஓர் ஆராய்ச்சி கூறியது. எவ்வளவு பெரிய நஷ்டம்!

நம் பாட்டிமார்கள் ஸ்போக்கின் புத்தகத்தைப் படிக்கவில்லை. தூளியில் மல்லாத்திப் போட்டு ஆட்டினார்கள். குழந்தை தப்பித்தது. இதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பழக்கம் சில சமயம் காப்பாற்றும். சில சமயம் கைவிடும். எது எப்போது என்று கண்டுகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் நடுவே குழந்தையைப் போட்டுக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். குடித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்குத் தம் கை எங்கே விழுகிறது என்று தெரியாது. புகை பிடிப்பவர் பக்கத்திலும் கூடாது. இதைச் சொல்ல மருமகளுக்குத் தைரியம் வராமல் இருக்கலாம். மாமியார் சொல்லலாம் அல்லவா?

பாயும் பூச்சியும்

தகப்பன் சொன்ன பாய் விஷயத்துக்கு வருவோம். கீழே கிடக்கிற குழந்தை விழாது என்பது சரி. தட்டையான, கெட்டியான படுக்கை என்ற வகையில் பாய்க்கு நிகர் இல்லை என்பதும் சரி. ஆனால் மாமியாரின் பயத்தைக் கிழவியின் பயம் என்று தள்ளிவிட முடியாது.

மக்காச்சோளக் கதிர் குவிந்த இடத்தில் எலி வரும். எலி வந்தால் அதன் பின்னாலேயே பாம்பு வரும். இவற்றில் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதில் அது பேர்போனது. அதன் பல் பட்டது பெரும்பாலும் தெரியாது. வலியும் வீக்கமும் குறைவு. விடிந்த பிறகு வயிற்றுவலி என்று குழந்தை அழும். கண் இமை தொங்கும். பேச்சுக் குழறும். ஏதோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். அதற்குள் நேரம் போய்விடும்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம்! இறந்தவர்களில் கால் பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

இதற்குப் பரிகாரம் பாயை எரிப்பதல்ல. நேபாள நாட்டில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, கொசுவலைக்குள் தூங்கியவர்களை இரவில் பாம்பு கடிப்பது குறைவு என்று கண்டது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும், அதுதான் ரகசியம். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கட்டிலில் கைக்குழந்தையைப் போடுவதானால் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே சந்து இருக்கக்கூடாது. தானிய மூட்டையைப் படுக்கை அறையில் அடுக்கக்கூடாது. கடித்தது எது என்று தேடிக்கொண்டு நிற்காமல், மந்திரிப்பவரிடம் ஓடாமல், நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

2015-ல் தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதினாறு சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டகம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதில் ஒரு சின்ன மெத்தையும் கொசுவலையும் இருந்தன. பின்லாந்து தேசம் 1938-லேயே இதுபோல் ஒன்றைத் தொடங்கியது. ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி நிறையத் துணிமணி கொடுத்தார்கள். 1949-ல் அதை எல்லாத் தாய்மார்களுக்கும் ஆக்கினார்கள். சாமான்களை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. தட்டையான அடி, சின்ன மெத்தை, வேறொன்றும் இல்லை. பணக்கார வீட்டுக் குழந்தையும் அதில்தான் தூங்கியது. பத்திரமான படுக்கைக்கும் பணத்துக்கும் சம்பந்தம் குறைவு என்பதற்கு இது அத்தாட்சி. நம் வீட்டுக்கு வந்த சின்ன மெத்தையும் வலையும் பரணில் ஏறிவிடாமல் இருந்தால் சரி.

தூளிக்கு ஒரு வயது உண்டு

இனி தூளி. தமிழ்நாட்டில் தூளியில் தூங்காத குழந்தை உண்டா? தாயின் பழஞ்சேலை. அதில் அவள் வாசனை இருக்கிறது. பஞ்சைவிட மெதுவாக இருக்கிறது. காற்று புகுகிறது. ஆட்டினால் அழுகை நிற்கிறது. காசு செலவில்லை. காட்டுக்குப் போனால் வேப்பமரக் கிளையிலும் கட்டிக்கொள்ளலாம். பெரியாழ்வார் கண்ணனையே தொட்டிலில் இட்டுத் தாலாட்டினார். தூளியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்பவர் தமிழ் வீட்டை அறியாதவர்.

ஆனால் தூளிக்கு எல்லை உண்டு. துணி வளைந்து தொங்குவதால் குழந்தையின் உடம்பும் வளைகிறது. தலை முன்னால் கவிழ்ந்து மோவாய் மார்பில் படிந்தால், சின்னஞ்சிறு மூச்சுக்குழல் மடங்கும். தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ளப் பிறந்த குழந்தைக்குப் பலம் கிடையாது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், மாதம் நிரம்பாமல் பிறந்த குழந்தைக்கும் இந்த அபாயம் அதிகம். சாய்வுப் படுக்கையை அமெரிக்கா தடை செய்ததற்கும் இதே காரணந்தான். ஆகவே, பகலில் ஒருவர் கண் எதிரே இருக்கும்போது தூளி. இரவு முழுவதும் தூங்கத் தட்டையான படுக்கை. இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது.

எத்தனை மாதம் வரையில்? இதற்கு நம் முன்னோர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தார்கள். மூன்றாம் மாதம் காப்பு. ஐந்தாம் மாதம் செங்கீரை; குழந்தை தலை நிமிர்த்தி, கை ஊன்றி, அசைந்தாடும் பருவம். ஏழாம் மாதம் தால். ஒன்பதில் சப்பாணி. எல்லாவற்றுக்கும் முன்னால் 'காப்பு' இருப்பதைக் கவனியுங்கள். கொஞ்சுவதும் பாடுவதும் பிறகுதான். காப்பாற்றுவதே முதல் காரியம்.

செங்கீரை ஆடும் குழந்தை தானாகப் புரளும். குப்புற விழுந்துவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்பட்டு அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்வார்கள். அதே நாளில் இன்னொன்றையும் செய்ய வேண்டும். இனி ஆள் இல்லாமல் தூளியில் விடுவதில்லை என்று தீர்மானிக்க வேண்டும். தொங்கும் துணிக்குள் புரண்ட குழந்தை திரும்ப மல்லாக்க வர முடியாமல், முகம் துணியில் அழுந்திக் கிடக்கும். எழுந்து உட்கார முயலும் குழந்தை தலைகீழாகக் கவிழும். ஒரு வயதுப் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவது, கிணற்றுக் கட்டையில் உட்கார வைத்துவிட்டுப் போவது போலத்தான்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். உத்தரத்தில் உறுதியாக அடித்த கொக்கியா என்று பார்க்க வேண்டும். இத்துப்போன சேலை உதவாது. தூளி தரைக்குச் சமீபமாகத் தொங்கட்டும். கீழே அம்மியும் குழவியும் வேண்டாம். துணியின் இரண்டு பக்கமும் முகத்தில் மூடாதபடி நடுவே குறுக்குக் கம்பு கொடுத்து அகட்டி வைப்பது பழைய வழக்கம். அது நல்ல வழக்கம்.

யாரும் பேசாத அபாயம்

இப்போது, மூவரும் பேசாத விஷயத்துக்கு வருவோம்.

குழந்தை தூங்கி எழுந்துவிட்டது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தூளி காலியாகத் தொங்குகிறது. அந்த வீட்டில் எட்டு வயதில் ஓர் அக்காளோ பத்து வயதில் ஓர் அண்ணனோ இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தார்களா, இல்லை, லீவு நாளா? பெரியவர்கள் காட்டில் இருக்கிறார்கள். தொங்கும் சேலையைப் பார்த்தால் சிறுவர்களுக்கு அது தூளியாகவா தெரியும்? ஊஞ்சலாகத்தான் தெரியும். ஏறி உட்கார்ந்து ஆடுவார்கள். அலுத்துப்போனால் உட்கார்ந்தபடியே கிறுகிறுவென்று சுற்றுவார்கள். துணி முறுக்கிக்கொள்ளும். விட்டால் எதிர்ப்பக்கம் சுழலும். அதில் ஒரு குஷி.

அந்தச் சுழற்சியில் துணி கழுத்தில் விழுந்து இறுகினால் என்ன ஆகும்? கால் தரையில் பட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டுச் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். கத்திக் கூப்பிட அவகாசம் கிடையாது. நினைவு தப்பியதும் உடம்பின் பாரமே துணியை மேலும் இறுக்கும். பக்கத்து அறையில் ஆள் இருந்தாலும் சத்தம் கேட்காது.

இது கற்பனை அல்ல. 'தூளியில் ஊஞ்சல் ஆடிய சிறுமி பலி', 'சேலை கழுத்தை இறுக்கிச் சிறுவன் சாவு' என்ற செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை வந்திருக்கின்றன. வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு வீடு. கதை மட்டும் ஒன்றே. இறப்பது பெரும்பாலும் தூளியில் தூங்கும் குழந்தை அல்ல. அதற்கு மூத்த பிள்ளை. பெற்றோர் பயந்ததெல்லாம் சின்னக் குழந்தைக்காக. பறிகொடுப்பது பெரிய குழந்தையை.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. குழந்தை ஆட்டுவதற்கென்று வீட்டில் விட்டுப்போனது அந்த அக்காளைத்தான். தானே குழந்தையாக இருக்கும் ஒருத்தியிடம் இன்னொரு குழந்தையை ஒப்படைத்தார்கள். அவள் தன் வேலையைச் செய்தாள். தம்பி எழுந்தான். பிறகு அவளும் கொஞ்சம் விளையாட ஆசைப்பட்டாள். அது குற்றமா?

இந்த அபாயத்தைத் தடுக்க என்ன செலவாகும்? ஒரு காசு ஆகாது. குழந்தையைத் தூக்கியதும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்கச் சோம்பலாக இருந்தால், அப்படியே சுருட்டி, சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அரை நிமிஷ வேலை. விளக்கை ஏற்றியவள் தீக்குச்சியை அணைக்காமல் போடுவதில்லை. அடுப்பில் உலை இறக்கியதும் கொள்ளியை வெளியே இழுக்கிறாள். அந்த வழக்கங்களோடு இதையும் சேர்த்துக்கொண்டால் போதும். கூடவே பெரிய பிள்ளைகளை உட்கார வைத்து, தூளி ஏன் ஊஞ்சல் அல்ல என்று ஒரு தடவை எடுத்துச் சொல்ல வேண்டும். அதட்டினால் மறைவாக ஆடுவார்கள். புரிய வைத்தால் தம்பி தங்கையையும் தடுப்பார்கள். ஆசைக்கு ஆட, வேறு இடத்தில் பலகை போட்ட நல்ல ஊஞ்சல் கட்டிக் கொடுக்கலாம்.

தாய் மட்டுமா பொறுப்பு?

இப்படி ஒரு விபத்து நடந்தால் ஊர் என்ன சொல்கிறது? "பெத்தவ எங்க போனா?" என்று கேட்கிறது. பெற்றவள் களை வெட்டப் போயிருந்தாள். அவள் போகாவிட்டால் அன்றைக்கு அரிசி இல்லை. "பெத்தவன் எங்க போனான்?" என்று யாரும் கேட்பதில்லை.

பச்சைக் குழந்தையையும் பத்து வயதுப் பெண்ணையும் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் நிலைமையை வைத்துக்கொண்டு, ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று உபதேசம் மட்டும் செய்வதில் நியாயம் இல்லை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்று விதித்தது. அருமையான விதி. எந்தச் சட்டத்தின் கீழ் வேலை நடந்தாலும் அந்த விதி இருக்க வேண்டும். ஏட்டில் மட்டும் அல்லாமல், மரத்தடியிலும் இருக்க வேண்டும். 1975-ல் தொடங்கிய அங்கன்வாடிகள் நம் கிராமங்களில் நன்றாகவே வேரூன்றியிருக்கின்றன. காட்டு வேலை முடிந்து தாய் திரும்பும் வரை கைக்குழந்தையை அங்கே விட முடியுமானால், எட்டு வயது அக்காள் காவல் இருக்க வேண்டியதில்லை.

கிராமச் சுகாதார செவிலியர் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறார். எடை பார்க்கிறார், தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கிறார். போகிறபோது, "குழந்தை எங்கேம்மா தூங்குது? காட்டுங்க பாப்போம்" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கொக்கியை இழுத்துப் பார்த்து, தலையணையை எடுத்துவிட்டு, கொசுவலையை எப்படிச் செருகுவது என்று காட்டி, காலித் தூளியைச் சுருட்டச் சொல்லிவிட்டு வந்தால் ஐந்து நிமிஷம் ஆகுமா? மங்களூர் ஒன்றியத்தில் மட்டும் இதைச் செய்து பார்க்கட்டுமே! குழந்தையின் பொம்மைக்குக்கூட 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. உத்தரத்தில் தொங்கும் சேலைக்கு முத்திரை குத்த எந்த அதிகாரியும் வரமாட்டார். வீட்டில் இருப்பவர்களின் கண்தான் அதற்கு முத்திரை.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். களிமண் ஈரமாக இருக்கும்போது விரலால் தடவி எந்தக் குறையையும் சரி செய்துவிடலாம். சூளையில் வெந்த பிறகு விழுந்த விரிசலை எந்தக் கைகாரனாலும் ஒட்ட முடியாது. ஆகவே அவர்கள் சூளைக்குள் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

மாமியாரும் மருமகளும் தூளியா தொட்டிலா என்று நாளைக்கும் வாதாடட்டும். எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளட்டும். தூங்கும் குழந்தைக்குக் காவல் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். குழந்தை எழுந்து போன பிறகு படுக்கைக்கும் காவல் வேண்டும் என்பதுதான் புதுப் பாடம். இன்று மாலை வீடு திரும்பியதும் உத்தரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். தூளி காலியாகத் தொங்குகிறதா? முதலில் அதைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, பிறகு காப்பி குடியுங்கள்.